பானுமதி: தன் குரலிலேயே பாடிய நாயகி

ஆந்திரத்தில் ஓங்கோலுக்கு அருகிலுள்ள தொட்டவரம் என்ற சிற்றூரில் 1925 செப்டம்பர் 7 அன்று பிறந்தவர் பி. பானுமதி. தந்தை பொம்மராஜு வெங்கட சுப்பையா சங்கீதப் பிரியர். மகளுக்குச் சிறு வயதிலேயே கர்நாடக இசைப் பயிற்சி அளித்தார். பின்னாளில் பானுமதியின் திரை வாழ்க்கைக்கு அந்தப் பயிற்சியே அடித்தளமானது.

சி. புல்லையா இயக்கிய ‘வரவிக்ரயம்’ (1939) அவருடைய முதல் படம். வரதட்சிணைக் கொடுமையைச் சாடிய இந்தத் தெலுங்குப் படத்தில், விருப்பமில்லாத திருமணத்துக்கு உடன்படாமல் உயிரை விடும் காளிந்தியாக நடித்தார். ‘கிருஷ்ண பிரேமா’ படப்பிடிப்பின்போது உதவி இயக்குநர் பி. எஸ். ராமகிருஷ்ணாவைச் சந்தித்து, 1943இல் மணந்துகொண்டார். குடும்ப வாழ்க்கையோடு நின்றுவிட எண்ணியவரை பி. என். ரெட்டியின் ‘சுவர்க்க சீமா’ (1945) மீண்டும் திரைக்கு அழைத்து வந்து, நட்சத்திரமாக்கியது.

தமிழில் அவர் அறிமுகமானது, எம். கே. தியாகராஜ பாகவதர் சிறை மீண்டபின் நடித்த ‘ராஜமுக்தி’ (1948) படத்தில். அடுத்த ஆண்டே ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’, அண்ணாதுரை கதை வசனம் எழுதிய ‘நல்லதம்பி’ ஆகிய படங்கள் வெளிவந்தன. ஜெமினியின் இந்திப் படமான ‘நிஷான்’ அவரை வடக்கிலும் அறிமுகப்படுத்தியது.

தொடக்க காலத்தில் நடிகர்களே பாடி நடித்தார்கள். பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதும், திரையில் தோன்றும் முகம் ஒன்று, ஒலிக்கும் குரல் வேறொன்று என்றானது. அந்த மாற்றத்துக்குப் பிறகும் தன் பாடல்களைத் தானே பாடிய மிகச் சில கதாநாயகிகளுள் பானுமதி முதன்மையானவர். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) படத்தில் எம்.ஜி.ஆருக்கு ஏ. எம். ராஜா குரல் கொடுத்தார். உடன் பாடிய பானுமதியோ தன் குரலிலேயே பாடினார்.

எம்.ஜி.ஆருடன் ‘மலைக்கள்ளன்’, ‘மதுரை வீரன்’, சிவாஜி கணேசனுடன் ‘கள்வனின் காதலி’, ‘ரங்கோன் ராதா’, ‘அம்பிகாபதி’ என்று ஐம்பதுகளின் பெரும் படங்கள் பலவற்றில் அவரே நாயகி. குழைந்து நிற்கும் காதலியைவிட, நிமிர்ந்து பேசும் பெண்ணே அவருக்குப் பொருந்திய வேடம். ஏவி.எம்.மின் ‘அன்னை’ (1962) படத்தில் பெறாத பிள்ளையைப் பிரிய மனமில்லாத வளர்ப்புத் தாயாக நடித்தது அவருடைய உச்சங்களில் ஒன்று.

படப்பிடிப்புத் தளத்திலும் அதே நிமிர்வு இருந்தது. தயாரிப்பாளர் சக்ரபாணியோடு ஏற்பட்ட பிணக்கால் ‘மிஸ்ஸம்மா’விலிருந்து விலகினார், அந்த வேடம் சாவித்திரியைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ படத்திலிருந்தும் பாதியில் விலகினார். அதனால் அவர் ஏற்ற பாத்திரம் கதையின் நடுவிலேயே இறந்துபோவதாகக் காட்டப்பட்டது.

இந்தத் துணிவுக்குப் பின்புலமாக இருந்தது சொந்த நிறுவனம். மகன் பரணியின் பெயரில் கணவரோடு தொடங்கிய பரணி பிக்சர்ஸ், ‘ரத்னமாலா’, ‘லைலா மஜ்னு’ போன்ற படங்களைத் தயாரித்தது. சென்னையில் பரணி ஸ்டூடியோவும் எழுந்தது. 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் அவரே இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தார். தென்னிந்தியாவில் பெண் இயக்குநர்களை விரல் விட்டு எண்ணக்கூடிய காலம் அது. பிற்காலத்தில் படங்களுக்கு இசையும் அமைத்தார்.

தெலுங்கில் அவர் எழுதிய நகைச்சுவைக் கதைகளான ‘அத்தகாரி கதலு’, மாமியார் ஒருவரை நடுநாயகமாகக் கொண்டவை. அவை ஆந்திர சாகித்ய அகாதெமியின் விருதைப் பெற்றுத் தந்தன. தன்வரலாறான ‘நாலோ நேனு’, சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. 1985 முதல் மூன்றாண்டுகள் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார்.

முதுமையில் பாட்டி வேடங்கள் அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தின. ‘மண்வாசனை’யின் தெலுங்கு வடிவமான ‘மங்கம்மகாரி மனவடு’ (1984), தமிழில் ‘செம்பருத்தி’ (1992) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. 1966இல் பத்மஸ்ரீ, 2001இல் பத்மபூஷண் விருதுகளைப் பெற்ற பானுமதி, 2005 டிசம்பர் 24 அன்று சென்னையில் காலமானார். நடிப்பு, பாட்டு, இயக்கம், தயாரிப்பு, எழுத்து என ஐந்து துறைகளிலும் முத்திரை பதித்த இன்னொரு நாயகியைத் தென்னிந்திய சினிமாவில் காண்பது அரிது.