எவ்விடத்தும் ஒரே எடைக்கல்: நிரல் சோதனைக் கருவியைக் கொள்கலத்தில் இயக்கும் முறை

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், லினக்ஸ் கணிப்பொறியைக் கையாண்டுவந்த ஒருவர், 'ஸ்டீம்' என்னும் விளையாட்டு மென்பொருளின் கோப்புறையை வேறோர் இடத்திற்கு மாற்றி வைத்தபின் அம்மென்பொருளைத் தொடங்கினார். சிறிது நேரத்தில் அவருக்கு உரிய கோப்புக்கள் அனைத்தும் அழிந்துபோயின. காப்புப் பிரதிகளை வைத்திருந்த வெளித்தட்டும் அவ்வேளையில் கணிப்பொறியோடு இணைக்கப்பட்டிருந்தமையால் தப்பவில்லை. இதற்குக் காரணம் வைரஸ் அன்று. மென்பொருளைத் தொடங்கிவைக்கும் ஷெல் நிரலில், அதாவது கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் கோவையில், இருந்த ஒரே ஒரு வரிதான் காரணம்.

ஒரு மாறியில் குறிக்கப்பட்ட கோப்புறைக்குள் இருப்பவற்றையெல்லாம் அழிக்குமாறு அவ்வரி பணித்தது. கோப்புறை இடம் மாறியிருந்ததால், அதன் இருப்பிடத்தைக் கண்டறியும் முந்தைய கட்டளை தோல்வியுற்றது, மாறி வெறுமையாயிற்று. மாறியின் பெயருக்குப் பின் நின்ற சாய்கோடு மட்டும் எஞ்சியது. லினக்ஸில் தனிச் சாய்கோடு கோப்புக்கள் அனைத்திற்கும் வேரான இடத்தைக் குறிக்கும். ஆகவே கணிப்பொறி வேரிலிருந்தே அழிக்கத் தொடங்கியது. அவ்வரியின் அருகே, 'அச்சமூட்டுவது' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைக் குறிப்பாக எழுதியிருந்தனர். அச்சம் இருந்தது, ஆனால் அச்சத்தைப் போக்கும் சோதனை இல்லை.

துகள் காட்டும் கருவி

நிரலை இயக்காமலே அதனைப் படித்து, ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டும் கருவிகள் உள்ளன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பார் 1978ஆம் ஆண்டில் சி மொழி நிரல்களுக்காக இத்தகைய கருவியொன்றை அமைத்து, அதற்கு 'லிண்ட்' எனப் பெயரிட்டார். ஆடையில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துகளை அச்சொல் ஆங்கிலத்தில் குறிக்கும். ஆடை கிழியாவிடினும் அதில் துகள் படிந்திருப்பதைக் காட்டுவதே கருவியின் வேலை. பிற மொழிகளுக்கும் இத்தகைய கருவிகள் பின்னர்த் தோன்றின. அவற்றை இன்று 'லிண்டர்' என்று வழங்குகின்றனர்.

ஷெல் நிரல்களுக்கு உரிய லிண்டர்களுள் பெயர்பெற்றது 'ஷெல்செக்' என்பது. இது விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். மேற்கூறிய அழிவு வரியை இக்கருவியிடம் கொடுத்தால், 2115 என்னும் எண்ணுடைய எச்சரிக்கையைக் காட்டும். மாறியின் பெயரை அடுத்து ஒரு முக்காற்புள்ளியும் வினாக்குறியும் சேர்க்குமாறு அது அறிவுறுத்தும். அவ்வாறு சேர்த்துவிட்டால், மாறி வெறுமையாக இருக்கும்போது நிரல் அவ்வரியை நிறைவேற்றாமல் நின்றுவிடும்.

எடைக்கல் வேறுபட்டால்

ஒரு வட்டார அலுவலகத்தில், மழையளவுக் குறிப்புக்களை நாள்தோறும் திரட்டியபின் பழைய கோப்புக்களை அழிக்கும் நிரல் ஒன்று இயங்குவதாகக் கொள்ளலாம். அதனை எழுதிய ஊழியரின் கணிப்பொறியில் ஷெல்செக் குறை எதுவும் கூறவில்லை. மாவட்ட அலுவலகத்திலோ அதே நிரலில் ஐந்து குறைகளைக் காட்டுகிறது. நிரலும் ஒன்றே, கருவியின் பெயரும் ஒன்றே. கருவியின் பதிப்பு மட்டும் வேறு. புதிய பதிப்புக்களில் புதிய சோதனைகள் சேர்கின்றன. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளிலோ, ஒரு வெளியீடு நிலைபெற்றபின் அதிலுள்ள கருவிகளின் பதிப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. எனவே இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று குறைகூறிக்கொண்டிருக்க நேரும். சில நாட்களில் கருவியின் சொல்லையே ஒருவரும் பொருட்படுத்தாத நிலையும் வந்துவிடும்.

சந்தையில் இதனை ஒத்த இடர்ப்பாடு முன்னர் இருந்தது. ஊருக்கு ஊர் சேரும் மணங்கும் வேறுபட்டன. நாடு முழுமைக்கும் மெட்ரிக் அளவைகளை ஏற்கும் சட்டம் 1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் காக்கப்பட்ட 57ஆம் எண் கிலோகிராம் நாட்டின் மூல எடைக்கல்லாக நெடுங்காலம் விளங்கியது. கடைக்காரர் தம் கல்லைச் சரியானது என்று தாமே கூறிக்கொண்டால் போதாது. ஒப்பிட்டு முத்திரையிட்ட கல்லே செல்லும். நிரல் சோதனைக்கும் அத்தகைய முத்திரைக் கல் தேவை. கொள்கலம் என்னும் ஏற்பாடு அதனைத் தருகிறது.

கொள்கலம் என்பது யாது?

ஒரு கருவியையும் அது இயங்குவதற்கு வேண்டிய துணைக் கோப்புக்கள் அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்தால், அக்கட்டினைப் 'படிமம்' என்பர். அதனை இயக்கும்போது அமையும் தனியறை 'கொள்கலம்' ஆகும். டாக்கர் என்னும் மென்பொருள் 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்தபின் இம்முறை பரவலாயிற்று. கொள்கலம் கணிப்பொறிக்குள் அமைந்த மற்றொரு முழுக் கணிப்பொறி அன்று. லினக்ஸின் உட்கருவாகிய கெர்னலை எல்லாக் கொள்கலங்களும் பொதுவாகப் பயன்படுத்தும். கோப்புக்களும் நடைபெறும் வேலைகளும் மட்டும் ஒன்றுக்கொன்று தெரியாவண்ணம் மறைக்கப்பட்டிருக்கும். ஆதலின் அது விரைவில் தொடங்கி, வேலை முடிந்தவுடன் நீங்கிவிடும். விண்டோஸ் கணிப்பொறியில், டபிள்யூ.எஸ்.எல். 2 என்னும் ஏற்பாட்டின் வாயிலாக லினக்ஸ் கெர்னல் ஒன்று உள்ளே இயங்க, அதன்மேல் கொள்கலங்கள் இயங்கும்.

தம் மேசையில் இயக்குதல்

ஷெல்செக்கின் படிமத்தை டாக்கரின் 'ரன்' கட்டளையால் இயக்கும்போது நான்கு செய்திகளைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, பதிப்பைத் திட்டமாகக் குறித்தல். 'ஸ்டேபிள்', 'லேட்டஸ்ட்' என்னும் பெயர்கள் இன்று ஒரு படிமத்தையும் பின்னொரு நாள் வேறொரு படிமத்தையும் குறிக்கும். '0.10.0' என எண்ணைக் குறித்தால் ஐயம் குறையும். இன்னும் உறுதி வேண்டுவோர், படிமத்தின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் 64 இலக்க அடையாளத்தைக் குறிக்கலாம். உள்ளடக்கம் சிறிது மாறினும் இவ்வடையாளம் மாறிவிடும்.

இரண்டாவது, கோப்புறையைக் காட்டுதல். கொள்கலம் மூடிய அறையாதலின், வெளியிலுள்ள நிரல்கள் அதற்குத் தாமாகத் தெரியமாட்டா. ஷெல்செக் படிமத்தில் 'எம்என்டி' என்னும் இடத்தோடு நிரல்கள் உள்ள கோப்புறையை இணைத்தல் வேண்டும். படிக்க மட்டும் உரிமை கொடுத்து இணைப்பதே நன்று. சோதிக்கும் கருவிக்கு எழுதும் உரிமை வேண்டுவதில்லை.

மூன்றாவது, வலையமைப்பை நிறுத்திவைத்தல். படிமம் கைக்கு வந்தபின் சோதனைக்கு இணையத் தொடர்பு தேவையில்லை.

நான்காவது, வேலை முடிந்ததும் கொள்கலத்தை நீக்குமாறு கட்டளையிலேயே குறித்தல். இன்றேல் பயனற்ற கொள்கலங்கள் வட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இங்குப் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எந்த எச்சரிக்கையை விலக்குவது என்பன போன்ற விருப்பங்களை ஷெல்செக் 'ஷெல்செக்ஆர்சி' என்னும் கோப்பிலிருந்து அறிகிறது. நிரல் உள்ள கோப்புறை, அதற்கு மேற்பட்ட கோப்புறைகள், பயனாளரின் இல்லக் கோப்புறை ஆகிய இடங்களில் அதனைத் தேடும். கொள்கலத்துக்குள் பயனாளரின் இல்லக் கோப்புறை தெரியாது. உட்கோப்புறையை மட்டும் இணைத்தால் மேற்கோப்புறையில் உள்ள கோப்பும் தெரியாது. அப்போது கருவி பிழைச்செய்தி எதுவும் கூறாமல் வேறு விதிகளின்படி தீர்ப்பளிக்கும். எனவே விருப்பக் கோப்பை நிரல்களின் தலைக்கோப்புறையிலேயே வைத்து, அத்தலைக்கோப்புறையையே இணைத்தல் வேண்டும்.

பிற இடங்களில் இயக்குதல்

பலர் சேர்ந்து எழுதும் நிரல்களை ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைத்து, மாற்றம் வரும்போதெல்லாம் தானாகவே சோதிக்கும் ஏற்பாடுகள் உள்ளன. கிட்ஹப், கிட்லேப் ஆகியவை இவ்வசதியை அளிக்கின்றன. இவை கருவியின் சொற்களைப் படிப்பதில்லை. அது முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணையே பார்க்கின்றன. ஷெல்செக் குறையின்றி முடிந்தால் 0 என்றும், குறை கண்டால் 1 என்றும், கோப்பைப் படிக்க இயலாவிட்டால் 2 என்றும் எண்ணை விட்டுச்செல்லும். இவ்வெண்ணை மறைக்கும்படி கட்டளையை எழுதிவிட்டால், குறைகள் நிறைந்த நிரலும் தேறியதாகக் கொள்ளப்படும்.

கிட்லேப் ஏற்பாட்டில், பணிக்கட்டளைகள் படிமத்துக்குள்ளேயே ஷெல் வாயிலாக இயக்கப்படுகின்றன. ஷெல்செக்கின் சிறிய படிமத்திலோ கருவியைத் தவிர ஷெல் முதலிய எதுவும் இல்லை. ஆகையால் மேசையில் நன்கு இயங்கிய படிமம் அங்கே தொடங்காமலே நின்றுவிடும். இதற்கென 'ஆல்பைன்' என்னும் சிறு லினக்ஸோடு சேர்த்துக் கட்டிய மற்றொரு படிமத்தை அக்கருவியை ஆக்கியோரே வெளியிட்டுள்ளனர். இரண்டிலும் பதிப்பெண் ஒன்றாக இருத்தல் வேண்டும். கிட்ஹப் அளிக்கும் உபுண்டு கணிப்பொறிகளில் ஷெல்செக் முன்னரே நிறுவப்பட்டிருக்கும். ஆயினும் அதன் பதிப்பு அவர்கள் விருப்பப்படி மாறக்கூடியது. அங்கும் குறித்த பதிப்பின் படிமத்தையே இயக்குவது முறை.

விண்டோஸில் எழுதிய கோப்புக்களில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத குறியீடு ஒன்று மிகுதியாக இருத்தல் கூடும். ஷெல்செக் அதனை 1017 என்னும் எண்ணால் சுட்டும். இதனைக் கருவியின் குற்றமெனக் கொள்ளலாகாது. அக்கோப்பு லினக்ஸிலும் பழுதாகவே இயங்கும். கணிப்பொறியின் செயலியும் கவனத்திற்குரியது. ராஸ்பெரி பை போன்றவற்றில் ஏ.ஆர்.எம். வகைச் செயலி இருப்பதால், அதற்கு ஏற்ற படிமத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இணையத் தொடர்பு நலிந்த கள அலுவலகங்களுக்கும் வழி உண்டு. தொடர்புள்ள இடத்தில் 'சேவ்' கட்டளையால் படிமத்தை ஒரே கோப்பாக்கிப் பென்டிரைவில் எடுத்துச் சென்று, கள அலுவலகக் கணிப்பொறியில் 'லோட்' கட்டளையால் ஏற்றிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. லினக்ஸில் டாக்கரை இயக்கும் குழுவில் சேர்க்கப்பட்டவர், கணிப்பொறியின் தலைமை உரிமையையே பெற்றவர் ஆகிறார். பலர் புழங்கும் பள்ளிக் கணிப்பொறிகளில் எல்லா மாணவருக்கும் இவ்வுரிமையை அளித்தல் தகாது. தலைமை உரிமையின்றி இயங்கவல்ல 'பாட்மேன்' என்னும் மென்பொருள் அத்தகைய இடங்களுக்கு ஏற்றது. அதன் கட்டளைகள் பெரும்பாலும் டாக்கரின் கட்டளைகளையே ஒத்தவை.

ஆசிரியரும் களப்பணியாளரும்

ஆசிரியர் தம் வகுப்புக்கு ஒரு பதிப்பைக் குறித்து, ஆண்டு முழுவதும் அதனையே வழங்கலாம். பள்ளியில் குறையெனப்பட்டது வீட்டிலும் குறையாகவே தோன்றும்போதுதான் மாணவர் கருவியை நம்புவர். எச்சரிக்கையின் காரணத்தை மாணவர் தம் சொற்களில் எழுதியபின்னரே திருத்தத் தொடங்குமாறு பழக்குதல் நலம். எச்சரிக்கையை விலக்க நேர்ந்தால், ஏன் விலக்கினோம் என்பதையும் அருகில் எழுதச் செய்தல் வேண்டும்.

களப்பணியாளர், மாவட்டத்திலும் வட்டாரத்திலும் ஒரே கட்டளை வழங்குமாறு, அக்கட்டளையை ஒரு சிறு கோப்பாக நிரல்களோடு சேர்த்து வைக்கலாம். பதிப்பை உயர்த்த வேண்டின் அக்கோப்பில் மட்டும் மாற்றினால் போதும். எல்லா இடங்களும் ஒருங்கே மாறும்.

லிண்டர் நிரலின் நோக்கத்தை அறியாது. சராசரி மழையளவைக் காணத் தவறான எண்ணால் வகுத்திருந்தால் அது வாய் திறவாது. அதனைக் காண மனிதரின் கண்ணே வேண்டும். ஆயினும் வெறுமையான ஒரு மாறியால் பல்லாண்டுக் குறிப்புக்கள் அழிவதை அது தடுக்கவல்லது. தம் வரியைக் கண்டு தாமே அஞ்சும் ஊழியர், அவ்வச்சத்தை அருகில் எழுதிவைப்பதோடு நில்லாமல், எவ்விடத்தும் ஒரே தீர்ப்புக் கூறும் சோதனைக்கு அவ்வரியை உட்படுத்துதல் கடமையாகும்.