மூன்று மடங்கு தூரம், ஏன் மூன்று மடங்கு நேரம் இல்லை?

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள மார்க்கையன்கோட்டைக்காரர் லட்சத்தீவு போக, மலை தாண்டி கொச்சிக்குப் போய் விமானம் ஏறலாம். அங்கிருந்து லட்சத்தீவின் அகத்தி தீவு சுமார் 465 கிலோமீட்டர். பயணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 1,370 கிலோமீட்டர். மூன்று மடங்கு தூரம். ஆனால் இரண்டேகால் மணி நேரமே ஆகிறது!

அகத்தியின் ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர்தான். பெரிய ஜெட் அதில் இறங்க முடியாது. அதனால் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும், சுழல்விசிறி கொண்ட ஏடிஆர் விமானம் போகிறது. அந்தமான் போகும் ஜெட்டின் வேகம் 800-க்கு மேல். ஓடுதளத்தில் நகர்வதும் ஏறி இறங்குவதும் எந்தப் பயணத்திலும் உண்டு. குறுகிய பயணத்தில் அந்த நேரமே பெரும் பங்கைத் தின்றுவிடும்.

காற்றும் கணக்கில் சேரும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று ஆளையே தள்ளும். அதே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேலே, தென்னிந்திய வானில் காற்று கிழக்கிலிருந்து வீசும். இந்தக் கீழைத் தாரைக்காற்றை பி. கோட்டீஸ்வரம் 1958-இல் விவரித்தார். எனவே அந்த மாதங்களில் அந்தமானிலிருந்து சென்னை திரும்பும் விமானத்துக்கு அது முதுகில் தள்ளும் காற்று. போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று.