கொள்முதலுக்குப் பட்டணம் போகிறீர்களா? நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டார வணிகர்களான நம்மில் பலர் சரக்கு எடுக்க அடிக்கடி சென்னை பாரிமுனைக்குப் போய்வருகிறோம். கிலோவுக்கு ஐம்பது காசு விலை குறைந்தாலும் குறித்து வைக்கும் நாம், போய்வர ஆகும் நேரத்தை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை. கல்லாவில் ஆள் இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். பூட்டிய கடையைப் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். இன்று செல்போனிலேயே வீட்டுக்கு வரவழைத்தும் விடுவார்.

எப்போது புறப்படலாம்?

2020 டிசம்பரில், கொரோனா காலத்தில், புறநகர் ரயில்களில் பொதுமக்களை நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும் ரயில்வே அனுமதித்தது. காலை 7 முதல் 9.30 வரையும், மாலை 4.30 முதல் 7 வரையும் நெரிசல் நேரம் என்று அப்போது வகுத்தார்கள். அந்தக் கட்டுப்பாடு எப்போதோ நீங்கிவிட்டது. ஆனால் கணக்கு இன்றும் நமக்கு உதவும்.

பாரிமுனை மொத்தக் கடைகள் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல்தான் சுறுசுறுப்படைகின்றன. அப்படியிருக்க, அலுவலகம் போவோரோடு எட்டு மணி ரயிலில் நசுங்கிப் போய், திறக்காத கடை வாசலில் நிற்பதில் என்ன லாபம்? காலை வியாபாரத்தை முடித்துவிட்டு 9.30-க்குப் பிறகு ஏறலாம். 4.30-க்குள் திரும்பும் ரயிலைப் பிடித்தால் மாலை வியாபாரத்துக்குக் கடைக்கு வந்துவிடலாம். காய்கறி வணிகர்களின் வழி வேறு. 1996-ல் கொத்தவால்சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறிய காய்கறிச் சந்தை விடியலுக்கு முன்பே களைகட்டும். அவர்கள் 7 மணிக்கு முன்பே வேலையை முடிப்பதே நல்லது.

ஒரு எச்சரிக்கை: தண்டவாளப் பராமரிப்புக்காகக் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் பகல் ரயில்கள் சில நாட்களில் ரத்தாவதுண்டு. தெற்கு ரயில்வே முன்கூட்டியே அறிவிக்கும். முதல் நாளே நாளிதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அட்டை எங்கே செல்லும்?

2023 ஏப்ரலில் மெட்ரோ ரயிலில் அறிமுகமான ‘சிங்காரச் சென்னை’ அட்டை, 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் செல்லுபடியாகிறது. பேருந்தில் சில்லறைத் தகராறு இல்லை. மெட்ரோவில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மெட்ரோ கட்டணத்தில் 20 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. திருவள்ளூர்க்காரர்கள் சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவில் அடுத்த நிலையம் உயர் நீதிமன்றம், அதற்கடுத்தது மண்ணடி. கும்மிடிப்பூண்டிக்காரர்கள் விம்கோ நகரில் இறங்கலாம். அங்கே ரயில் நிலையத்தை ஒட்டியே மெட்ரோ நிலையம் இருக்கிறது. மாறி ஏறினால் நேராக மண்ணடி.

இந்த அட்டை புறநகர் ரயிலில் செல்லாது. அதற்குத் தனி டிக்கெட் வேண்டும். காலையிலேயே போக வர இரண்டுக்கும் சேர்த்து எடுத்துவிட்டால் மாலை கவுண்டர் கூட்டத்தில் நிற்க வேண்டாம். தினமும் போகிறவருக்கு சீசன் டிக்கெட் லாபம். வாரம் ஒருமுறை போகிறவர் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்த பிறகே எடுக்கட்டும். செல்போன் பழக்கமுள்ளவர்களுக்கு, 2025 செப்டம்பர் 22-ல் தொடங்கிய ‘சென்னை ஒன்று’ செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் டிக்கெட் கிடைக்கிறது.

கவனம் தேவை

அட்டையில் 2,000 ரூபாய் வரை இருப்பு வைக்கலாம். ஆனால் ரகசிய எண் கேட்காமலே பணம் கழியும் அட்டை இது. தொலைந்தால் எடுத்தவர் கையில் ரொக்கம் கொடுத்த மாதிரிதான். ஆகவே இரண்டு மூன்று பயணத்துக்கு வேண்டிய தொகையை மட்டும் ஏற்றுங்கள். கடைப் பையன்களை அனுப்பும்போது தனி அட்டை கொடுத்தால் போக்குவரத்துச் செலவுக் கணக்கும் சுத்தமாக இருக்கும்.

ரயில், மெட்ரோ எல்லாம் ஆள் போக, மாதிரி பார்க்க, விலை பேச, பாக்கி தீர்க்க. மூட்டைகளை வழக்கம்போல் லாரி ஷெட்டில் போட்டு அனுப்புவதே முறை. மூட்டையைத் தோளில் சுமந்து ஏறினால் சக பயணிகளின் ஏச்சும், பரிசோதகரின் அபராதமும்தான் மிஞ்சும்.

ஒரு மாதம் இப்படிப் போய்வந்து, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், செலவு மூன்றையும் எழுதிப் பாருங்கள். மிச்சமான மணி நேரங்களில் கல்லாவில் எவ்வளவு விழுந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தொகையும் கொள்முதல் லாபம்தான்.