எது கடினமான விளையாட்டு?

தேக பலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்துவிட்டால் நம் வீடுகளில் சர்ச்சைக்குப் பஞ்சமிராது. ஐந்து நாள் வெய்யிலில் நிற்பதைவிடக் கஷ்டம் உண்டா என்பார் கிரிக்கெட் அபிமானி. குஸ்திப் பிரியர் அதைக் கேட்டு நகைப்பார். சடுகுடு ஆடித் தழும்பேறிய பெரியவரோ, "மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர் நடுவே ஒரு முறை போய்வாரும்; பிறகு பேசலாம்" என்பார். இவர்களிடையே கால்பந்து அபிமானி வாயைத் திறந்தால், "பந்தை உதைப்பது ஒரு பிரமாதமா?" என்று மூவரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து கொள்வார்கள். இந்த வழக்கைப் பக்ஷபாதமின்றிச் சற்று விசாரிப்போம்.

அடியா, ஓட்டமா?

அடிபடுவதே கடினத்துக்கு அளவுகோல் என்றால், குத்துச் சண்டைக்கும் ரக்பிக்கும்தான் முதல் தாம்பூலம். அதில் சந்தேகமில்லை. கால்பந்து அந்த மரியாதையைத் தானாகவே வேண்டாமென்று விட்டுக்கொடுத்தது. 1863-ஆம் ஆண்டில் லண்டனில் சில சங்கத்தார் கூடிப் பொது விதிகள் வகுத்தபோது, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா கூடாதா என்று பெரிய விவாதம் நடந்தது. உதையை நீக்கிவிட்டால் ஆட்டத்தில் ஆண்மையே போய்விடும் என்று வாதித்த பிளாக்ஹீத் சங்கத்தார், தங்கள் கட்சி எடுபடாமற் போகவே வெளியேறினார்கள். வேடிக்கை என்னவெனில், 1871-இல் ரக்பிக்காரர்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டபோது, அவர்களும் அந்த உதையை விலக்கியே விதி செய்தார்கள்!

உதையை விட்ட கால்பந்து எதைப் பிடித்துக் கொண்டது? ஓட்டத்தை. ஏறக்குறைய 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட மைதானத்தில், தேர்ந்த ஆட்டக்காரர் 90 நிமிஷத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அதுவும் ஒரே சீராக அல்ல. நடை, ஓட்டம், பாய்ச்சல், சட்டென்று நிற்றல், மறுபடியும் பாய்ச்சல். ஹாக்கியிலும் கூடைப்பந்திலும் வேகம் இதற்குக் குறைந்ததல்ல. ஆனால் அங்கே களைத்தவர் வெளியே சென்று இளைப்பாறி மீண்டும் வரலாம். கால்பந்துப் பந்தயத்தில் வெளியே போனவர் போனவரே. கிரிக்கெட்டில் வேகப் பந்து வீசுகிறவரின் முதுகெலும்பு படும் பாடு சாமானியமல்ல. எனினும் ஓர் ஓவருக்கும் மறு ஓவருக்கும் நடுவே அவருக்கு அவகாசம் உண்டு. ஆகவே, கால்பந்தின் கடினம் அடியில் இல்லை, ஓய்வின்மையில் இருக்கிறது.

ஏழையின் ஆட்டம்

செல்வாக்கில் போட்டியே கிடையாது. ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்தினர் 193. உலகக் கால்பந்துச் சம்மேளனத்திலோ 211. 1930-இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பைக்கு வந்தவை 13 தேசங்கள். 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு 48 தேசங்கள் என்று வகுத்தார்கள்.

இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மட்டை வேண்டாம், காலுறை வேண்டாம், புல்தரை கூட வேண்டாம். ஒரு பந்தும், கோலுக்கு அடையாளமாக நான்கு கற்களும் போதும். கந்தைத் துணியைச் சுருட்டிக் கட்டியே ஆடிப் பழகி உலகப் புகழ் பெற்றவர் பிரேஸில் தேசத்துப் பெலே. பணக்காரனுக்கு என்று தனியாக ஒரு சௌகரியமும் தராத ஆட்டம் இது.

வெறுங்காலின் வெற்றி

இந்த உண்மையை நம் தேசத்தார் கண்கூடாகக் கண்ட நாள் 1911-ஆம் ஆண்டு ஜூலை 29. கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதிப் பந்தயம். ஒரு பக்கம் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்து வெள்ளைச் சிப்பாய்கள், கனத்த பூட்ஸுகளுடன். மறுபக்கம் மோகன் பகான் சங்கத்து வங்காளி இளைஞர்கள். ஒரே ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்கால். முதல் கோல் பட்டாளத்தாருடையது. பின்னர் தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். பந்தயத்தின் நிலவரத்தை, ஆட்டம் கண்ணில் படாத தூரத்தில் நின்ற ஜனங்களுக்குக் காற்றாடி பறக்கவிட்டுத் தெரிவித்தார்களாம். 'வங்காளி நோஞ்சான்' என்ற ஏளனத்துக்கு அன்று பதில் கிடைத்தது. பதில் சொன்னது மேடைப் பிரசங்கம் அல்ல, பாதம்.

சுதந்திரம் பெற்ற மறு வருஷம், 1948-இல், லண்டன் ஒலிம்பிக் பந்தயத்திலும் நம்மவரில் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே பிரான்ஸை எதிர்த்தார்கள். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகி, 1-2 என்று தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

மன உறுதிக்கு உதாரணம் வேண்டுமானால் 1962-ஆம் வருஷத்து ஜகார்த்தா இருக்கிறது. ஆசியப் போட்டியில் தலையில் காயமுற்றுத் தையல் போடப்பட்ட ஜர்னெயில் சிங், அந்தத் தலையுடனேயே முன்னணியில் ஆடி, இறுதிப் பந்தயத்திலும் ஒரு கோல் போட்டார். கூடியிருந்த ஜனத்திரள் நமக்கு விரோதமாகக் கூச்சலிட, தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். அவர்களைப் பயிற்றிய ஸையத் அப்துல் ரஹீம் அப்போதே புற்றுநோயால் பீடிக்கப்பட்டிருந்தார். மறு வருஷம் காலமானார். அதற்குப் பிறகு அந்தத் தங்கப் பதக்கம் நம் கைக்கு எட்டவேயில்லை.

சக்தி இல்லாமலா போயிற்று? வெறுங்காலால் ஆடிய ஜாதிக்குச் சக்தி குறைவு என்று யார் சொல்லக்கூடும்? ஆட வேண்டிய நாம் பார்க்கிறவர்களாகி விட்டோம், அதுதான் குறை. பிள்ளைகள் ஓடும் திடல்களில் கட்டடங்கள் எழும்பும்போது வாளாவிருக்கிறோம், மாலையில் பந்துடன் கிளம்பும் பையனை, "பாடம் என்னாயிற்று?" என்று தடுக்கிறோம், பெண்ணாயிருந்தாலோ கேள்வியே இல்லை. எது கடினமான விளையாட்டு என்ற வழக்கைச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து கொண்டு தீர்க்க முடியாது. பந்தைக் குழந்தைகள் கையில் கொடுத்து, நாமும் பத்து நிமிஷம் அவர்களுடன் ஓடிப் பார்த்தால், தீர்ப்பை நம் மூச்சே சொல்லிவிடும்.