இன்ஜினை மாத்தியாச்சு... உதறல் ஏன் நிற்கல? பிக்கப் வைத்திருப்போர் கவனத்துக்கு!

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில் திருமயம் வந்ததும் பல வண்டிகளின் வேகம் தானாகக் குறையும். 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையின் மதிலை ஒட்டி, வடக்கு பார்த்து நிற்கிறார் கோட்டை பைரவர். லாரி, வேன், பிக்கப் என எதுவானாலும் ஓரங்கட்டி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பயணம் தொடரும்.

அந்த இரண்டு நிமிடம், இன்ஜினை அணைக்காமல் நிற்கும் பிக்கப்களைக் கவனியுங்கள். சில வண்டிகள் சீராக முனகும். சில வண்டிகளோ சைடு மிரர் முதல் நம்பர் பிளேட் வரை கிடுகிடுவென ஆடும். "என்னண்ணே இப்படி உதறுது?" என்று கேட்டால், "பழைய இன்ஜின் போச்சு தம்பி. வேற டீசல் இன்ஜின் வச்சேன். அதுலேருந்து இப்படித்தான்" என்ற பதில் வரலாம். குற்றவாளி பெரும்பாலும் இன்ஜின் அல்ல. அதைத் தாங்கி நிற்கும் உள்ளங்கை அளவு ரப்பர்! அதுதான் இன்ஜின் மவுண்டிங். லாரிப் பட்டறைகளில் ஃபவுண்டேஷன் என்றும் சொல்வார்கள்.

நமக்குப் புதிதல்ல

இன்ஜின் மாற்றுவது தமிழ்நாட்டுக்குப் பழகிய வேலைதான். 1950-களில் சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பெட்ரோல் லாரிகளில் பெர்க்கின்ஸ் பி6 ஏறியது. பிறகு அம்பாசடர்களும் ஜீப்களும் டீசலுக்கு மாறின. பெட்ரோலைவிட டீசல் மலிவாக இருந்ததும், கூடுதல் மைலேஜும்தான் காரணம்.

ஆனால், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் குணம் வேறு. பெட்ரோல் இன்ஜின் காற்றைச் சுமார் பத்து மடங்கு அழுத்தும். டீசல் இன்ஜின் 16 முதல் 22 மடங்குவரை அழுத்தும். ஒவ்வொரு வெடிப்பும் சம்மட்டி அடி. அதைத் தாங்க இன்ஜினின் எடையும் கூடும். பெட்ரோல் இன்ஜினுக்குப் போட்ட ரப்பரையே டீசலுக்கும் வைத்தால், அது நசுங்கித்தான் போகும்.

ஊஞ்சல் கணக்கு

"அப்படின்னா நல்லா கெட்டியான ரப்பரா போட்டா போச்சு" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஆடும் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால், சின்னக் குழந்தை தள்ளினாலும் உயரே போகும். ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினும் அப்படித்தான். அதற்கென்று ஓர் ஆட்டத் தாளம் உண்டு. இன்ஜினின் வெடிப்பு அந்தத் தாளத்தோடு ஒத்துப்போனால், வண்டியே ஆடும்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் ஐடிலில் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றினால், விநாடிக்கு 25 வெடிப்பு. இரண்டு சிலிண்டர் இன்ஜின் 900 சுற்றில் ஓடினால், விநாடிக்கு 15-தான். 2005-ல் வந்த டாடா ஏஸ், நம்மூர் 'குட்டி யானை', 702 சி.சி. இரட்டை சிலிண்டர் டீசலோடுதான் ஓடத் தொடங்கியது. மவுண்டிங்கின் தாளம் வெடிப்பின் தாளத்தில் பாதியாகவோ அதற்குக் கீழேயோ இருந்தால் கேபினுக்கு வரும் அதிர்வு வெகுவாகக் குறையும். அதாவது நான்கு சிலிண்டருக்கு 12-க்குள். இரண்டு சிலிண்டருக்கு 7-க்குள். சிலிண்டர் குறையக் குறைய ரப்பர் இளகலாக இருக்க வேண்டும். கெட்டி ரப்பர் போட்டால் இன்ஜின் ஆடாது. அந்த ஆட்டம் முழுவதும் சேஸிஸுக்கும் ஓட்டுநரின் முதுகுக்கும் போய்ச்சேரும். பிராக்கெட்டில் கீறல் விழும்.

160 கிலோ இழுப்பு

சரி, ரொம்ப இளகலாகப் போட்டால்? இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது, முதல் கியர் அதை நான்கு மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 800. அதே அளவு விசை இன்ஜினை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். இரு பக்க மவுண்டிங்குக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி என்றால், ஒரு பக்கம் சுமார் 160 கிலோ கீழே அழுத்தும். மறுபக்கம் 160 கிலோ மேலே தூக்கும். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் எடையே 90 கிலோதான் என்றால், மீதி 70 கிலோவும் ரப்பரைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். நீளவாக்கில் இன்ஜின் வைத்த வண்டிகளில் பொதுவாக இடப்பக்க ரப்பர் முதலில் கிழிவது இதனால்தான்.

இது விளையாட்டல்ல. 1971 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுண்டிங் ரப்பர் பிரிந்து, இன்ஜின் மேலே எழும்பி, ஆக்ஸிலரேட்டரை இழுத்துவிடும் அபாயம்தான் காரணம். இன்ஜினை அளவுக்கு மேல் எழும்பவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கேபிளைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பாடம் நமக்கும்தான்: ரப்பர் கிழிந்தாலும் இரும்போடு இரும்பு கோத்துப் பிடித்துக்கொள்ளும் 'இன்டர்லாக்' வகை மவுண்டிங்கையே வாங்குங்கள்.

எதை வாங்குவது?

* எந்த வண்டியின் இன்ஜினோ, அந்த வண்டியின் மவுண்டிங்கையே சேர்த்துப் புதிதாக வாங்குங்கள். அந்த எடைக்கும் அதிர்வுக்கும் கணக்குப் போட்டுச் செய்தது அது. பட்டறையில் செய்யவேண்டியது பிராக்கெட் மட்டும்தான்.

* மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்: பக்கத்துக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்குக் கீழே ஒன்று. ஒன்று புதிது, இரண்டு பழசு என்றால் புதியதற்கும் ஆயுசு குறைவு.

* இயற்கை ரப்பரே முதல் தேர்வு. நம் கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பால் வடிக்கிறார்களே, அதே சரக்குதான். ஆனால், எண்ணெயும் சூடும் அதற்கு ஆகாது. ஆயில் ஒழுகலை நிறுத்தாமல் புது ரப்பர் போடுவது வீண். சைலன்ஸர் குழாய் அருகில் போனால் தகரத் தடுப்பு வையுங்கள்.

* பாலியூரித்தேன் நீடித்து உழைக்கும், ஆனால், கெட்டி. தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு வேண்டாம்.

பட்டறையில் நில்லுங்கள்

மவுண்டிங் போல்ட்களை முதலில் தளர்வாகவே விடச் சொல்லுங்கள். இன்ஜின் எடை முழுக்க ரப்பரில் இறங்கி, சிறிது நேரம் ஓடிய பிறகே முறுக்க வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் கூட்டு ஷாஃப்டின் கோணத்தைப் பாருங்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்டும் ஆக்ஸிலின் பினியனும் இணையாக இருக்க வேண்டும். கோணம் தப்பினால் வரும் உதறலை எந்த மவுண்டிங்கும் நிறுத்தாது.

டீசல் குழாயிலும் சைலன்ஸரிலும் வளையும் துண்டு ஒன்று இருக்கட்டும். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு எர்த் ஒயர் கட்டாயம். ரப்பர் வழியாகக் கரன்ட் போகாது. சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போட விடாதீர்கள். பளு தாங்குவதே அந்த விளிம்புதான்.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

ரப்பரைவிட முக்கியமான விஷயம் இது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அம்பாசடர் காலம் போல் பெட்ரோலை எடுத்துவிட்டு வேறு கம்பெனி டீசலை ஏற்றினால், எஃப்.சி.யில் நிற்கும், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும். அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை, ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று மாற்றி, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றுவதுதான் நேர்வழி. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பழைய இன்ஜின் வாங்கிய பில்லும் கையில் இருக்கட்டும். அது திருட்டு வண்டியுடையதாக இருந்தால், வம்பு உங்களுக்குத்தான்.

கீரமங்கலத்துப் பூவும் பலாவும் விடிவதற்குள் சந்தைக்குப் போவது இந்தப் பிக்கப்களில்தான். ஒரு நாள் வண்டி நின்றால், அன்றைய கூலியும் நிற்கும். இன்ஜினுக்குப் பல ஆயிரம் செலவழிக்கும்போது மவுண்டிங்கில் சில நூறு மிச்சம் பிடிக்க வேண்டாம். அடுத்த முறை பைரவர் முன்னால் வண்டியை நிறுத்தும்போது, கும்பிட்ட கையோடு மிரரையும் ஒரு பார்வை பாருங்கள். பின்னால் வரும் வண்டி அதில் தெளிவாகத் தெரிந்தால், மவுண்டிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்!