எக்ஸ்-ரே நார்மல்... ஆனாலும் முழங்கால் நழுவுதா? டாக்டரின் கை சொல்லும் பதில்!

டர்ஃபில் ஃபுட்பால் ஆடும்போது சட்டுனு திரும்புறீங்க. முழங்காலுக்குள் ‘டப்’னு ஒரு சத்தம். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடுகிறது. எக்ஸ்-ரே எடுத்தால் ‘நார்மல்.’ ‘அப்போ சுளுக்குதான்’ என்று தைலம் தேய்த்து, சில வாரங்களில் நடக்கவும் ஆரம்பித்துவிடுவோம். ஆனால், படி இறங்கும்போது கால் திடீர்னு நழுவுகிறதா? உஷார்!

எக்ஸ்-ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. அதைச் சோதிக்கும் முதல் கருவி, டாக்டரின் கைகள்தான்.

லாக்மன் டெஸ்ட்: மூட்டின் நடுவில் இருக்கும் ஏ.சி.எல் ஜவ்வுக்கானது. முழங்காலை 20 - 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பை முன்பக்கமாக இழுப்பார். ஜவ்வு நன்றாக இருந்தால் ‘டக்’கென்று பிடித்து நிறுத்தும். கிழிந்திருந்தால் எலும்பு கூடுதலாக நகரும். எது கூடுதல் என்று தெரிய, அடிபடாத காலையும் இழுத்துப் பார்ப்பார்.

மெக்மர்ரே டெஸ்ட்: இரண்டு எலும்புகளுக்கும் நடுவே குஷன் மாதிரி இருப்பது மெனிஸ்கஸ். முழங்காலை நன்றாக மடக்கி, பாதத்தைத் திருப்பியபடியே மெதுவாக நீட்டுவார். வலியோடு ‘க்ளிக்’ என்றால், மெனிஸ்கஸ் கிழிந்திருக்கலாம்.

பக்கவாட்டு டெஸ்ட்: முழங்காலை உள்பக்கமும் வெளிப்பக்கமும் மெதுவாகத் தள்ளி, இருபக்க ஜவ்வுகளின் பிடிப்பைப் பார்ப்பார்.

அடிபட்ட அன்றைக்கே எல்லாம் தெரிந்துவிடுமா? இல்லை. வலியிலும் வீக்கத்திலும் தசைகள் இறுகியிருக்கும், டெஸ்ட் ஏமாற்றலாம். அதனால்தான், ‘வீக்கம் குறைந்ததும் திரும்ப வாங்க’ என்கிறார்கள். வலி போயிடுச்சுன்னு பலர் கோட்டைவிடுவது இந்த இரண்டாவது விசிட்டைத்தான். கிழிந்த ஏ.சி.எல்-லோடு தொடர்ந்து ஆடினால், கால் நழுவும்போது மெனிஸ்கஸும் சேர்ந்து கிழியலாம்.

டாக்டரிடம் இதையெல்லாம் மறக்காமல் சொல்லுங்க: கால் எப்படித் திரும்பியது, சத்தம் கேட்டதா, எவ்வளவு நேரத்தில் வீங்கியது, மடக்கிய கால் நீட்ட முடியாமல் சிக்கிக்கொள்கிறதா? டெஸ்ட்டில் சந்தேகம் வந்தால், அவரே எம்.ஆர்.ஐ எழுதித் தருவார்.

வீடியோ பார்த்து நண்பனை வைத்து இழுத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்!