தபேலாவும் கணனியும்: லண்டன் ஆசிய இசை எழுப்பும் கேள்விகள்

புகலிட நாடுகளில் எமது கலை பற்றிய பேச்சுக்கள் பெரும்பாலும் 'பேணுதல்' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே நடைபெறுகின்றன. பிள்ளைகளுக்கு மிருதங்கமும் வீணையும் பழக்குவது, மண்டபம் எடுத்து அரங்கேற்றம் வைப்பது, பக்கவாத்தியக் கலைஞர்களை இந்தியாவிலிருந்து வரவழைப்பது எல்லாம் பேணுதலின் பெயராலேயே நிகழ்கின்றன. 1990களில், எம்மவர் இந்த முயற்சிகளில் மூழ்கியிருந்த அதே லண்டனில், வேறு ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகள் தபேலாவையும் சித்தாரையும் கணனியோடு இணைத்து வேறொரு இசையை உருவாக்கினார்கள். 'ஏசியன் அண்டர்கிரவுண்ட்' என்று பத்திரிகைகள் அதற்குப் பெயரிட்டன. அந்த இசை எங்கிருந்து வந்தது, எப்படி இயங்குகிறது, எம்மை நோக்கி என்ன கேட்கிறது என்பனவே இக்கட்டுரையின் அக்கறை.

முதலில் அதன் சமூகத் தளம். 1978இல் கிழக்கு லண்டன் வைற்சப்பலில் அல்தாப் அலி என்ற வங்காளி ஆடைத் தொழிலாளி நிறவெறியர்களால் கொல்லப்பட்டார். 1993 ஏப்ரலில் ஸ்ரீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின மாணவன் கொல்லப்பட்டான். அதே ஆண்டு செப்ரெம்பரில், மில்வோல் வட்டாரத்தில் பிரித்தானிய தேசியக் கட்சி ஓர் உள்ளூராட்சி ஆசனத்தை வென்றது. இந்தத் தெருக்களில் வளர்ந்தவர்களே இவ்விசையின் கர்த்தாக்கள். 'ஏசியன் டப் பவுண்டேசன்' குழு 1993இல் ஓர் இசைப் பட்டறையில் உருவானது. பட்டறையின் ஆசிரியர் ஒருவர், குடியுரிமைச் செயற்பாட்டாளர் ஒருவர், பதின்வயது மாணவர் ஒருவர் என்று மூவர் அதைத் தொடங்கினார்கள். அவர்களின் கிற்றார்க் கலைஞர் எல்லா நரம்புகளையும் ஒரே சுருதியில் கூட்டி, கத்தியால் மீட்டி, தம்புராவின் ரீங்காரத்தை இரைச்சலாக மாற்றினார். 1998இல் வெளிவந்த 'ராபீஸ் றிவெஞ்ச்' இறுவட்டில் உத்தம் சிங்கும் நக்சலைட்டுகளும் பாடுபொருளானார்கள்.

அரசியலை நேரடியாகப் பேசாமல், வாத்தியத்தின் வழியாகப் பேசியவர் தல்வின் சிங். 1970இல் லண்டனில் பிறந்து, பதின்வயதில் இந்தியா சென்று பஞ்சாப் கரானாவில் தபேலா பயின்றவர். திரும்பி வந்தபோது சாஸ்திரிய மேடைகள் அவரை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. றொக், பொப் கலைஞர்களோடு வாசித்து வாழ்ந்தார். 1995இல் ஹொக்ஸ்ரன் சதுக்கத்தின் 'புளூ நோட்' விடுதியில் திங்கட்கிழமை இரவுகளில் 'அனோகா' நிகழ்வைத் தொடங்கினார். 1997இல் வெளிவந்த 'அனோகா' தொகுப்பில் 'ஸ்ரேற் ஒவ் பெங்கோல்' போன்ற லண்டன் கலைஞர்களுக்கு நடுவே, 'பம்பாய்' படத்துக்காகச் சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் அமைத்த கருவியிசையும் இடம்பெற்றது. தமிழ்த் திரையிசை 'நிலத்தடி' இசையாக லண்டனில் மறுபிறவி எடுத்தது இப்படித்தான். 1998இல் வெளிவந்த அவரது 'ஓகே', 1999இன் மேர்க்குரி பரிசைப் பெற்றது.

இனி இவ்விசையின் இயக்கம். 'ட்ரம் அன்ட் பேஸ்' என்ற வடிவத்தில் தாளம் நிமிடத்துக்குச் சுமார் 170 அடிகள் ஓடுகிறது. அடியில் ஒலிக்கும் தாழ்சுரமோ அதில் பாதி வேகத்தில் நடக்கிறது. இது எமக்குப் புதிதல்ல: ஒரே தாளத்தை முதற்காலத்திலும் இரண்டாம் காலத்திலும் ஒருசேர நிகழ்த்துவதற்கு ஒப்பானது. தபேலாவின் வலது பக்கம் துரிதமான சொற்கட்டுகளால் மேல் ஓட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. இடது பக்கத்தின் தோலை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி நகர்த்தும்போது வழுகி ஏறும் கும்காரம், இயந்திரத்தின் தாழ்சுரத்தோடு உறவாடுகிறது. ஒரு தோற்கருவியில் இந்த இரண்டு பண்பும் ஒன்றாகக் கிடைப்பதாற்தான் தபேலா இந்த இணைவின் மையமாயிற்று.

ஆனால் இழப்பும் உண்டு. கணனியின் அடிகள் சம இடைவெளியில் இறுகி நிற்பவை. வாத்தியக்காரர் கூடிக் குறைத்து உயிரூட்டும் நெகிழ்ச்சிக்கு அங்கே இடம் குறைவு. ஆலாபனையின் ஒரு துணுக்கை வெட்டி எடுத்து மீண்டும் மீண்டும் சுழற்றும்போது, இராகத்தின் சாயல் எஞ்சுகிறது. படிப்படியாக விரியும் அதன் தர்க்கம் எஞ்சுவதில்லை. இசை மோசமானது என்று இதற்குப் பொருளல்ல. இராகத்தைக் கேட்கும் காதால் இதைக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதுதான் பொருள்.

வெட்டி எடுத்தல் என்பது இன்னொரு கேள்வியையும் கொண்டுவருகிறது. 'ட்ரம் அன்ட் பேஸ்' இசையின் முதுகெலும்பாக அமைந்த தாளத் துணுக்கு, 1969இல் 'வின்ஸ்ரன்ஸ்' என்ற அமெரிக்கக் குழு பதிவுசெய்த பாடலொன்றில் வரும், ஏழு விநாடிக்கும் குறைவான தனி வாசிப்பாகும். ஆயிரக்கணக்கான பாடல்களில் அது பயன்பட்டது. அதை வாசித்த கறுப்பினக் கலைஞர் கிரெகரி கோல்மன் அதனால் எதுவும் பெறாமலே 2006இல் வறுமையில் இறந்தார். கலப்பு என்பதாலேயே ஒன்று நியாயமானதாகிவிடாது. யாருடைய உழைப்பு யாருடைய பெயரில் விற்கப்படுகிறது என்று கேட்டே ஆகவேண்டும். 1998இல் மடோனாவின் இறுவட்டில் சமஸ்கிருத சுலோகம் ஒலித்தபோது, 'ஆசியத்தனம்' சந்தையின் அலங்காரப் பொருளாகிவிட்டது. சந்தை தந்த வெளிச்சத்தைச் சில ஆண்டுகளில் சந்தையே மீளப் பெற்றுக்கொண்டது.

இயந்திரம் எமது இசைக்கு அந்நியம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வயலின் கர்நாடக இசைக்குள் வந்தது. இன்று அதை யாரும் அந்நியமாக நினைப்பதில்லை. யு. ஸ்ரீனிவாஸ் மின் மண்டலினில் கீர்த்தனைகள் வாசித்தார். சுருதிக்கு இலத்திரனியல் பெட்டியையும் ஒலிபெருக்கியையும் வைத்துக்கொண்டுதான் எமது 'தூய' கச்சேரிகள் நடைபெறுகின்றன. 1982இல் பம்பாய் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் மூன்று இலத்திரனியல் கருவிகளை மட்டும் கொண்டு பத்து இராகங்களைப் பதிவுசெய்தார். அன்று அது கவனிக்கப்படவில்லை. 2010இல் மறுபதிப்பான பின்னரே உலகம் வியந்தது. ஆகவே 'மேற்கின் இயந்திரம், கிழக்கின் மரபு' என்ற பிரிப்பு வரலாற்றின் முன் நிற்காது.

எம்மவரிடம் எழும் முக்கியமான கேள்வி இதற்கும் அப்பாற்பட்டது. சாஸ்திரியம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? புகலிடத்தில் நாம் பேணும் பட்டியலில் மிருதங்கம் உண்டு. பறையும் உறுமியும் அநேகமாக இல்லை. மரணவீட்டோடும் சாதியோடும் கட்டப்பட்ட கருவிகளைக் கடல் கடந்தும் நாம் வாசலுக்கு வெளியேதான் வைத்தோம். 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக லண்டன் திரும்பிய சிறுமி, 2007இல் 'மாயா' என்ற மாதங்கி அருள்பிரகாசமாக, 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில், 'கலா' இறுவட்டில் தமிழ்நாட்டின் உறுமிக் கலைஞர்களை இலத்திரனியல் தாளத்தோடு சேர்த்தார். எமது சபாக்கள் இடந்தராத கருவி உலகின் நடனக்கூடங்களில் ஒலித்தது. அந்தக் கலைஞர்களுக்கு அது என்ன தந்தது என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது; ஆயினும் எமது பேணுதலில் இருந்த சாதிய வடிகட்டலை அது வெளிச்சம்போட்டுக் காட்டியது என்பதை மறுக்கமுடியாது.

பிள்ளைகளுக்கு மிருதங்கம் பழக்கவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தல்வின் சிங் கணனியைத் தொட்டது தபேலாவை முறையாகப் பயின்ற பின்னரே. கலப்பதற்கும் பயிற்சி வேண்டும். ஆனால் பழகிய பிள்ளை அரங்கேற்றத்தோடு கருவியை மூலையில் வைத்துவிடுவதை நாம் காண்கிறோம். அந்தக் கருவியால் தான் வாழும் தெருவைப் பற்றி எதையும் சொல்ல முடியாது என்று அந்தப் பிள்ளை நம்புவதற்கு நாம் எவ்வளவு காரணம்? பேணுதல் என்பதை, பயன்படுத்தும் உரிமையைக் கையளித்தல் என்று மாற்றிச் சிந்திக்க நாம் தயாரா? இதுபற்றிய மாற்றுக் கருத்துக்கள் இந்தப் பக்கங்களில் எழுதப்படவேண்டும்.